சவரி பிடித்து நடந்த கயிறு

பனியில் நனைந்த தேங்காய்நார்க் கயிற்றுக்கு ஒரு மணம் உண்டு. அதோடு டீசலும் வியர்வையும் கலந்து வீசினால் அப்பா வாசலுக்கு வந்துவிட்டார் என்று பொருள். 1950களின் கடைசியில் அவர் கொடைக்கானல் பஸ் நிலையத்தில் சுமை தூக்கினார். மலையேறி வரும் பஸ்ஸின் கூரையிலிருந்து தகரப் பெட்டிகளையும் படுக்கைச் சுருள்களையும் இறக்கி, அந்தக் கயிற்றால் முதுகோடு சேர்த்துக் கட்டி, ஏரிக்கரை பங்களாக்களில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கோடை விருந்தாளிகள் வரும் "சீசன்"தான் எங்கள் வருமானம். அது தவறினால் மழைக்காலத்தில் "சோத்து நாள்" குறைந்து "கெழங்கு நாள்" கூடும். அரிசி கீழ்நாட்டிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும், உருளைக்கிழங்கோ தெருக்கோடியிலேயே விளைந்தது.

என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணன் சவரிக்குச் சீசன் ஆகாது. ஆட்டிசம் என்ற சொல்லை நாங்கள் கேள்விப்பட இன்னும் வெகுகாலம் இருந்தது; தெரு அவனைக் "கிறுக்கன்" என்றது, அம்மா "அவன் போக்கு அப்படி" என்றாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். கேட்ட கேள்வியையே பதிலாகத் திருப்பிச் சொல்வான். கார் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு, எதிரில் சாலையா ஏரியா என்று பாராமல் ஓடுவான். ஆகவே விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒருவர் அவனோடு இருந்தாக வேண்டும், அந்த ஒருவரால் சம்பாதிக்க முடியாது. எங்கள் வீட்டின் கணக்கு அவ்வளவுதான்.

ஓர் ஆண்டு சீசனில், அதுவரை அவனோடு வீட்டில் இருந்த அம்மாவுக்கு ஒரு பங்களாவில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. சீசனுக்குப் பிறகும் தொடரும் என்று அந்த வீட்டம்மா சொல்லியிருந்தார். அதனால் அப்பா சவரியைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். ஹாரனுக்கு ஓடுகிறவன், பஸ் எஞ்சினின் உறுமலுக்கு மட்டும் அசையாமல் நிற்பான். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வை வாங்கிக்கொண்டே இருப்பான்.

ஒரு காலை, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கண்டக்டர் டீக்கடையில் நின்றிருந்தார். அப்பா கூரைமேல் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சவரி தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, கண்டக்டரின் குரலிலேயே "ரைட்!" என்றான். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

"ஏலே, நான் இங்க நிக்கேன், யாரக் கேட்டுலே எடுக்கெ!" என்று டீ கிளாஸோடு கண்டக்டர் ஓடினார். கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா போனதைப் பார்த்து நிலையமே சிரித்தது. திருப்பத்தில் ஒரு பெட்டி சரிந்து விழுந்து, உள்ளே பீங்கான் நொறுங்கும் சத்தம் கேட்டதும்தான் சிரிப்பு நின்றது.

நிலையத்தைக் கவனித்த டைம் கீப்பர் அப்பாவிடம் சொன்னார்: "நாளைக்குப் பையன் இங்க வரக்கூடாது. வந்தா, நீங்களும் வர வேணாம்."

உடன் சுமை தூக்கும் முத்தையா அன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். "கையிலதான் கயிறு கெடக்குல்ல அண்ணே? கட்டில் கால்ல ரெண்டு சுத்துச் சுத்திட்டு வெள்ளனே வாங்க. சீசன் போச்சுன்னா வருசமே போச்சு." அவர் கெட்டவர் அல்லர். அப்படிக் கட்டிப்போட்ட வீடுகள் இருந்தன. அதைக் கொடுமை என்று யாரும் சொன்னதில்லை.

அவர் போனபின் அப்பா கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"அத எதுக்குங்க எடுத்து வச்சிருக்கீங்க?"

"வெறகு கட்ட. நாளையிலருந்து காட்டுக்குப் போறேன் மேரி. அங்க எவன் ஹாரன் அடிக்கப்போறான்?"

"சீசன் நடுவுலயா? வேணாம், நான் பங்களா வேலைய விட்டுர்றேன்."

"ஒன் வேலை மழையிலயும் இருக்கும். எனக்கு மழையில என்ன சோலி? நீ போ."

விறகுச் சுமைக்குக் கூலி குறைவு, பக்சீஸ் கிடையாது. அந்த மழைக்காலத்தில் கெழங்கு நாட்களே மிகுந்தன. புது ஸ்வெட்டர் வாங்க முடியாமல், பழையது என் முழங்கையோடு நின்றுவிட்டது. ஆனால் மாலையில் சோலைக்காட்டிலிருந்து இறங்கி வரும் அவர்களை நான் தெருமுனையில் நின்று, எல்லோரும் பார்க்கும்படி, எதிர்கொண்டு அழைப்பேன். அப்பாவின் முதுகில் விறகுக் கட்டு. கட்டிய கயிற்றின் மிச்சம் பின்னால் தொங்கும். அந்த நுனியைப் பிடித்தபடி சவரி நடந்து வருவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ்ஸின் தகரத்தைப் போலவே, அப்பாவின் நடை அந்தக் கயிற்றின் வழியே அவன் கைக்கு வந்திருக்க வேண்டும். கிளம்பும்போது அவன் "ரைட்" என்பான், அதன் பிறகுதான் அப்பா அடி எடுத்து வைப்பார்.

ஒரு நாள் எதிரே வந்த முத்தையா சிரித்தார். "கடைசியில கட்டிட்டீங்களா அண்ணே! இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்ல?"

அப்பா சுமையோடு நின்றார். "கிட்ட வாலே. முடிச்சு எங்க இருக்குன்னு காட்டு."

முத்தையா குனிந்து சவரியின் கையைப் பார்த்தார். எங்கும் முடிச்சு இல்லை. மறுநாளிலிருந்து, பஸ் நிலையத்தில் விறகு கேட்கும் விருந்தாளிகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்.

அப்பாவுக்குப் பின் பல ஆண்டுகள் சவரி என் முந்தானை நுனியைப் பிடித்து நடந்தான்; இப்போது அவனும் இல்லை. பெட்டிகள் சக்கரத்தில் உருள்கின்றன, பங்களா அடுப்புகள் கேஸில் எரிகின்றன, கண்டக்டர்கள் விசில் ஊதுகிறார்கள். கயிறும் இற்றுப்போய்விட்டது. அது பெட்டிகளைக் கட்டியது, விறகைக் கட்டியது. வேறெதையும் கட்டியதில்லை.