சும்மா இருக்க வேண்டிய பாதி

அருப்புக்கோட்டையில் நான் மசாஜ் தெரபிஸ்ட் என்று சொன்னால், கேட்பவர் முதலில் என் அறைக் கதவைப் பார்ப்பார், பிறகு என் தாலியைப் பார்ப்பார். அதனால் என் மாமியார் கல்யாண வீடுகளில் "எங்க மருமக நரம்பு சம்பந்தமா என்னமோ பாக்குறா" என்று பொதுவாகச் சொல்லிவைப்பார். இந்தப் பேரைத் துடைக்கத்தான் மதுரையில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். பட்டம் வந்துவிட்டால் அதே எண்ணெய் விஞ்ஞானமாகிவிடும் என்று நம்பினேன்.

ஆராய்ச்சி எளிமையானதுதான். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில், பருத்தி எடுத்துத் தோள்வலி கண்ட பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதிக்கு வாராவாரம் போய்த் தோளைப் பிடித்துவிடுவேன். மறு பாதி சும்மா இருக்க வேண்டும். முடிவில் இரண்டு பாதியின் வலிக்கும் இடையே வித்தியாசம் தெரிந்தால் பட்டம். தெரியாவிட்டால், நான் கை வைத்தாலும் ஒன்று வைக்காவிட்டாலும் ஒன்று என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே என்னை டாக்டரம்மா என்றார்கள். பெருந்தன்மையாக நான் திருத்தவில்லை.

பாதி வழியில் சோதித்துப் பார்த்தேன். எல்லோருக்கும் வலி குறைந்திருந்தது. சும்மா இருந்தவர்கள் கையை இன்னும் கொஞ்சம் உயரமாகவே தூக்கிக் காட்டினார்கள்.

ஒரே வீட்டு மருமகள்கள் இருவர் ஆளுக்கொரு பாதியில் விழுந்திருந்தார்கள். மூத்தவளைக் கேட்டேன்.

"பந்தியில ஒருத்திக்கு எலை போட்டு, பக்கத்துல இருக்கவளுக்குப் போடாம விட்டா நல்லாவா இருக்கு? நீங்க வேலைச் சோலியில மறந்துட்டீகன்டு, நீங்க புடிச்சுவிட்ட மாதிரியே நானே இவளுக்குப் புடிச்சுவிட்டேன்."

எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஊரே சேர்ந்து, என் மானத்தைக் காப்பாற்ற, என் படிப்பைக் குழிதோண்டிப் புதைத்திருந்தது.

"ஒருத்தராவது உண்மையிலேயே சும்மா இருந்தாங்களா?" என்று போனில் என் பேராசிரியர் கேட்டார். மறுபடி போய்க் கறாராகச் சொன்னேன். இனி ஆராய்ச்சி முடியும்வரை யாரும் யாரையும் தொடக்கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்த ஊரை அடிக்க ஆளில்லை.

ஆனால் சும்மா இருக்க வேண்டிய பாதியில் ஒருவர் மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தார். மகன் வீட்டில் இருக்கும் அந்த அம்மாவுக்கு, கடைசிச் சோதனைக்கு ஒரு வாரம் இருக்கையில் நான் போனபோது, கை தோளுக்கு மேல் எழவில்லை. கொண்டையை மருமகள் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ புடிச்சுவிடத்தான் வந்தா. டாக்டரம்மா தொடக்கூடாதுன்டு சொல்லிருக்காக, அவுக படிப்புல மண்ண அள்ளிப் போட்றாதன்டு நாந்தான் தடுத்துட்டேன்" என்றார்.

என் கைக்கு மதிப்பு உண்டு என்பதற்கு உலகத்திலேயே ஒரே அத்தாட்சி எதிரே உட்கார்ந்திருந்தது. பேராசிரியர் பார்த்தால் பூரித்துப் போயிருப்பார். எனக்கு அவர் மேலும் கோபம், இந்த அம்மா மேலும் கோபம், சீட்டுக் குலுக்கிய என் கை மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

"இன்னும் ஒரு வாரந்தான? பொறுத்துக்கிருவேன். நீங்க பாஸ் பண்ணணும்" என்றார்.

பையிலிருந்து எண்ணெயை எடுத்து உள்ளங்கையில் ஊற்றினேன். அவர் பதறித் தோளைச் சுருக்கிக்கொண்டார்.

"படிப்பு கெட்டுப் போயிராதாம்மா?"

"கெட்டுப் போச்சு. நிமிந்து உக்காருங்க."