நெல்குவியலின் அடிவட்டம்

நெல்லின் மேல் கால் படக்கூடாது. எலப்புள்ளிப் பக்கம் எங்கள் வீடுகளில் இதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. குழந்தை தவழ்ந்து போனால்கூடத் தூக்கி இந்தப் பக்கம் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால்தான் அன்றைக்கு அக்காவின் களத்தில் கிடந்த நெல்குவியலைச் சுற்றி அளந்தேன். குறுக்கே அளப்பதென்றால் ஏறி மிதிக்க வேண்டுமே! மாட்டுக் கயிற்றைக் குவியலின் ஓரமாகவே நானும் அவளும் வளைத்துக்கொண்டு வந்தோம். சுற்றளவு அறுபது அடி.

மச்சான் இறந்த பிறகு அக்கா தனியாக வைத்த முதல் வெள்ளாமை அது. வயல் மச்சானின் அண்ணன் பேரில் இருந்தது. அவர் முன்பே சொல்லியிருந்தார்: "ஒரு போகம் வெச்சுப் பாரு அம்மிணி. நெல்லு சேதாரமில்லாம லாரி ஏறுச்சுன்னா வயலு உன்ற கையிலயே இருக்கட்டும். இல்லீன்னா வேற ஆளுக்குக் குத்தகைக்கு உட்டர்றேன்." அந்த வயலை விட்டால் அவளுக்கு வேறு வயல் கிடையாது.

நெல்லை அறுத்துக் காயவைத்துக் குவித்தாயிற்று. மில் லாரி வர வேண்டியதுதான் பாக்கி. வானம் கருக்கத் தொடங்கியது. களம் வெறும் மண் தரை. அடியில் தார்ப்பாய் விரித்து, குவியலை அதன்மேல் மாற்றிப் போட வேண்டும். மேலே மூட அவளிடம் பழைய தார்ப்பாய்கள் இருந்தன. அடியில் விரிக்க எவ்வளவு பெரிய தார்ப்பாய் வேண்டும் என்று என்னைக் கேட்டாள். நான் கல்லூரியில் கணக்குப் படித்தவள், கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. குடும்பத்தில் யார் எதை அளந்தாலும் எனக்குத்தான் போன் வரும். பொய் எதற்கு, எனக்கும் அது பிடிக்கும்.

கூம்பின் அடிவட்டம் நெல்லுக்கு அடியில் ஒளிந்திருந்தது. இருந்தால் என்ன? சுற்றளவை 2π-ஆல் வகுத்தால் ஆரம், ஒன்பதரை அடி. அதை அதனாலேயே பெருக்கி, மறுபடி π-ஆல் பெருக்கினால் பரப்பு, இருநூற்று எண்பத்தாறு சதுர அடி. கடையில் இருபதுக்கு இருபதில் ஒரு தார்ப்பாயும் இருபதுக்குப் பதினைந்தில் ஒன்றும் இருந்தன. அக்கா பெரியதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதே இருக்கட்டும் அம்மிணி. கொஞ்சம் பெருசா இருந்தா என்ன போச்சு?"

"சின்னதே முந்நூறு சதுர அடி இருக்குதுக்கா. நமக்கு இருநூத்தி எம்பத்தாறுதான் வருது. தண்டத்துக்கு எதுக்கு?"

அவள் சின்னதையே தூக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் நெல்லை அள்ளிக் கொட்டக் கொட்ட, இரண்டு பக்கமும் தார்ப்பாயைத் தாண்டி மண்ணில் சரிந்தது. பரப்பு சரிதான். ஆனால் பத்தொன்பது அடி அகலமுள்ள வட்டம் பதினைந்து அடி அகலத்தில் எப்படி உட்காரும்? எனக்கு அந்த நிமிடமே உறைத்துவிட்டது. உறைத்ததும் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது, அதுவும் அவள் மேல்.

"கணக்கு சரிதான்க்கா! நீங்கதான் பரப்பிக் கொட்டறீங்க. உசரமாக் குவிங்க."

பாவம், பலகையால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தள்ளியதெல்லாம் திரும்பச் சரிந்து வந்தது. நெல் அதன் சரிவில்தான் நிற்கும், என் வீம்புக்காக நிற்குமா?

"கடை மூடறதுக்குள்ள அந்தப் பெருசையும் வாங்கிட்டு வந்தரட்டுமா?" என்றாள்.

"காலைல லாரி வருதில்ல? ரண்டடி மண்ணுல கெடந்தா ஒண்ணும் ஆயிராது."

லாரி வரவில்லை, மழை வந்தது. மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்து மண்ணைச் சேறாக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது. அப்புறம் லாரி வந்தபோது மூடியதை விலக்கினோம். இரண்டு ஓரமும் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. மில் ஆள் ஓரத்தில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். "உள்ள நல்லாருக்குதுங்க, உள்ள எடுத்துப் பாருங்க" என்று அக்கா கெஞ்சினாள். அவர் கையை உதறிவிட்டு வெறும் லாரியோடு போய்விட்டார்.

அன்று மதியம் மச்சானின் அண்ணன் வந்தார். நான் முந்திக்கொண்டேன். "தப்பு என்னுதுங்க. அக்கா பெருசு வாங்கலாம்னாங்க, நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

அவர் சிரித்தார். "நீங்க படிச்சவிங்க. உங்க கணக்குத் தப்புமுங்களா? இவளுக்கு விரிக்கத் தெரியலீங்க, அவ்வளவுதான்."

ஒரு குச்சியை எடுத்துச் சேற்றில் வட்டம் போட்டேன், அதன்மேல் கட்டம் போட்டேன், வட்டம் எங்கே வெளியே தள்ளுகிறது என்று காட்டினேன். அவர் கீழே குனிந்தே பார்க்கவில்லை. அக்காவிடம் திரும்பி, "நீயே சொல்லு. தங்கச்சி கணக்கா தப்பு?" என்றார்.

அக்கா முளைவிட்ட நெல்லைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு அக்கா, சொல்லிவிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

"என்ற தங்கச்சி கணக்கு சரிதானுங்க."

ஐயோ, நான் அவளை அதட்டிய அதே வார்த்தை! செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

வயல் வேறு ஆளுக்குப் போய்விட்டது. அக்கா இப்போது இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள். போன வாரம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவளிடமிருந்து போன்.

"அம்மிணி, வைக்கப்போரு போடப் போறேன். அடியில விரிக்க எத்தன சதுரடி வேணும்னு பாத்துச் சொல்லு."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். துளிகூட இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

"குறுக்க எத்தன அடி வரும்க்கா?" என்றேன்.

"குறுக்க எதுக்கு சாமி? நீ அப்படியா அளப்பே? சுத்தளவு சொல்றேன், எழுதிக்கோ" என்றாள்.