தண்ணீர் கொடுக்காதவன்

என் தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். நான் அருப்புக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. எழுதினாலாவது இந்தக் கோபம் ஆறுமா என்று பார்க்கிறேன்.

பரளச்சிப் பக்கம் மிளகாய் பறிக்கப் போன பெண்களை ஏற்றிய சரக்கு வேன் கவிழ்ந்தது. முதலில் போய்ச் சேர்ந்தது தம்பியின் வண்டிதான். தாயோடு வேலைக்குப் போயிருந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு வயிற்றில் அடி. தூக்கி ஏற்றும்போது, "அண்ணே, தண்ணி" என்று கேட்டிருக்கிறாள். அந்த மாதிரி அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழலில் ஏறிவிடும், கொடுக்கவே கூடாது என்று ஆம்புலன்ஸ்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "ஆஸ்பத்திரியில குடிக்கலாம்த்தா" என்று சொல்லிவிட்டு ஓட்டினான். டவுனுக்குள் நுழைவதற்குள் அவள் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் உயிர் போகும் நேரத்தில் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரோ பாலோ விடாமல் யாரையும் அனுப்ப மாட்டோம். பகையாளிக்கும் அதைச் செய்வோம். பிணவறை வாசலில் அந்தப் பெண்ணின் சொந்தக்காரர் ஒருவர் தம்பியின் சட்டையைப் பிடித்தார். "ஏலே, சாகப்போற பிள்ள கேட்டுச்சே, ஒரு வாய்த் தண்ணியில ஒனக்கு என்னலே கொறஞ்சு போச்சு?"

துக்கத்தில் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

அதன் பிறகு தம்பி தண்ணீர்ச் செம்பைக் கண்டாலே எழுந்து போனான். உதடு வெடித்துக் கிடந்தது. சோறு இறங்கவில்லை. லீவு கேட்டான், மாற்று ஆள் இல்லை என்றார்கள். பதிலாக டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டு மன அழுத்தம் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். மூச்சை இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள் என்று ஒரு பெரிய சார் பேசினாராம். போட்டோ எடுத்தார்களாம். ஒரு வார்த்தை, "உனக்கு என்னப்பா நடந்தது?" என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. போட்டோ எடுத்த கையோடு டியூட்டிக்கு அனுப்பினார்கள். அதே ரோட்டுக்கு.

மனநல டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்றேன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்த தம்பியின் மாமனார் குதித்தார். "எம் மருமகன் என்ன பைத்தியமா? ஊருக்குள்ள நான் தலகாட்ட வேணாமா?" அவரே ஒரு கோடாங்கியையும் அழைத்து வந்தார்.

கோடாங்கி உடுக்கடித்துக் கேட்டால், பிடித்திருக்கும் பேய்தான் பதில் சொல்ல வேண்டும், அதுதான் முறை. தம்பியை எதிரே உட்கார வைத்து உடுக்கை அடித்தார்.

"யாருலே நீ? எங்கருந்து வந்த?"

"நான் டிரைவருங்க. பரளச்சியில இருந்து வாரேன்."

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவன், "பேயி லைசென்ஸ் வச்சிருக்கும் போல" என்றான்.

"என்ன வேணும் ஒனக்கு? சேவலா? கெடாயா?"

"லீவு வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி நிறுத்தவில்லை. "அந்தப் பிள்ள எங்கையப் பிடிச்சிருந்துச்சு. நாந்தான் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சேன். வண்டி ஓட்டணும்ல? தண்ணி குடுத்தா செத்துருவான்னு குடுக்கல. குடுக்காமயும் செத்துட்டா. நான் என்ன செஞ்சிருக்கணும்? சொல்லுங்க சாமி."

சிரிப்பு நின்றது. தம்பி பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது.

கோடாங்கிக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. "அவதான் பேசுறா! தாகத்தோட நிக்கிறா!" என்று பிரம்பை ஓங்கினார்.

நான் பிரம்பைப் பிடித்தேன். "அடிக்காதீக. பேசுறது எந்தம்பி."

"பெரியவுக காரியத்துல நீ எதுக்குய்யா குறுக்க வார?" என்றார் மாமனார். நான் பிரம்பை விடவில்லை.

மறுநாள் காலையில் தம்பியையும் அவன் பெண்டாட்டியையும் அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். மனநல டாக்டரம்மா தம்பியை உட்கார வைத்துவிட்டு அவளையும் உட்காரச் சொன்னார். "நீங்க தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவள் உடைந்து அழுதுவிட்டாள்.

நான் வெளியே வந்து நின்றேன். தம்பியின் போன் என் கையில் இருந்தது. அவன் ஆபீஸிலிருந்து அழைத்தார்கள்.

"எங்கப்பா இருக்க? வண்டி சும்மா நிக்குது."

"நான் அவன் அண்ணன். அவன் இன்னைக்கு வர மாட்டான்."

"அப்ப யாரு ஓட்டுறது?"

"உங்க கூட்டத்துல பேசுனாகளே பெரிய சாரு, அவுகள ஓட்டச் சொல்லுங்க."

வைத்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி பேசும் குரல் கேட்டது. போன் மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.