வேன் கண்ணாடியில் படிந்த ஆவி

என் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வழி முழுக்க நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வேனின் முன் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்குக் கப்பல் சரக்குப் பெட்டிகள் அடுக்கும் கன்டெய்னர் யார்டில் வேலை. அந்த வருஷம் ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. யார்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் நின்றுதான் பெட்டிகளுக்குச் சங்கிலி மாட்டினார்கள். அண்ணன் காலில் ஏற்கெனவே ஒரு வெட்டுக் காயம் இருந்தது. முதலில் காய்ச்சல் வந்தது, பிறகு கண் மஞ்சளாயிற்று, பிறகு சிறுநீர் நின்றுபோயிற்று. எலிக்காய்ச்சல் என்று ராயபுரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு போர்வை போட்டும் "குளுருது, குளுருது" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு நாள் தேறி, எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் நம்பினோம். மறுநாள் விடிகாலையில் மூச்சு நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்து உடம்பைக் கையில் கொடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. மாமா ஏற்பாடுகளைப் பார்க்க முன்னாலேயே எண்ணூருக்குப் போய்விட்டார். அண்ணனின் குழந்தை அங்கே பக்கத்து வீட்டில் இருந்தது. வாசலில் நின்ற தனியார் வேன் ஒன்றைப் பேசினோம். டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை, வாயில் பாக்கு. அண்ணனோடு வேலை செய்த இரண்டு பேர் மழையில் தொப்பலாக நனைந்து வந்திருந்தார்கள். அவர்கள் ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டையும் கால்மாட்டையும் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்கள். நடுவில் அம்மாவும் அண்ணியும். அவர்களுக்கு முன்னால், டிரைவர் சீட்டை ஒட்டி நான். எல்லோருடைய துணியிலும் தண்ணீர் சொட்டியது.

வேன் கிளம்பி கல்மண்டபத்தைத் தாண்டுவதற்குள் முன் கண்ணாடி வெளுக்கத் தொடங்கிவிட்டது. வெளியே வைப்பர் ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்பக்கம் ஆவி. டிரைவர் கையால் ஒரு இழுப்பு இழுத்தார். அது கோடுகோடாகி இன்னும் மோசமானது.

"கண்ணாடிக்குக் காத்து வுடுற ப்ளோயர் ஒர்க் ஆவல. ஜன்னல தெறந்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். பின்னால் இருந்தவர்களிடமும் திறக்கச் சொன்னார். அப்போது காசிமேட்டுக்கு வந்திருந்தோம். வலதுபுறம் கடல். காற்று சாரலை அள்ளிக்கொண்டு நேராக உள்ளே கொட்டியது. அண்ணன் மேல் போர்த்தியிருந்த துணி ஒரு நொடியில் நனைந்துவிட்டது.

அம்மா போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

"மூடுடா! குளுருது குளுருதுன்னு சொல்லிகினே கெடந்தான்டா எம் புள்ள. அவன் மேல தண்ணி படுது பாரு. மூடுடா!"

எல்லா ஜன்னலும் மூடப்பட்டன. வண்டிக்குள் ஈரத்துணி வாடையும் பினாயில் வாடையும் நிறைந்தன. கண்ணாடி பால் ஊற்றினதுபோல ஆகிவிட்டது.

டிரைவர் சீட்டுக்கடியிலிருந்து ஒரு கந்தலை எடுத்தார். அது எண்ணெய்த் துணி. தேய்த்ததும் எதிரில் வந்த லாரியின் விளக்கு கண்ணாடி முழுக்கப் பரவி, சாலையே தெரியாமல் போயிற்று. வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணி அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஓடியாடியதில் வற்றிவிட்டதோ என்னவோ.

"தங்கச்சி, நீ முன்னால வந்து குந்து. காஞ்ச துணி எதுனா கீதா? எண்ணூர் வரைக்கும் நீதான் தொடைக்கணும். இல்லாங்காட்டி நம்மளையும் நாளைக்கு இதே வேன்லதான் இஸ்துகினு போவணும்" என்றார் டிரைவர்.

என் துப்பட்டா பிழியப் பிழியத் தண்ணீர். அம்மாவின் புடவையும் அப்படித்தான். அண்ணி தன் ஒயர்கூடையைத் திறந்தாள். பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து அண்ணனின் நீலக்கட்டம் போட்ட சட்டையை எடுத்தாள். அவன் இட்லி சாப்பிட்ட அன்று வீட்டுக்குப் போய் எடுத்துவந்தது. வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்ள. துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இத எடுத்துக்கோ" என்றாள்.

நான் தயங்கினேன். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள்.

அந்த வண்டியில் வேறு காய்ந்த துணி கிடையாது. வாங்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன். முதலில் அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். பிறகு டிரைவரின் கண்ணுக்கு நேராக ஒரு தட்டு அகலத்துக்கு. பிறகு என் பக்கம். மறுபடி அவர் பக்கம். துடைத்த இடம் நாலைந்து மூச்சுவிடும் நேரம்தான் தெளிவாக இருக்கும். ஓரத்திலிருந்து வெள்ளை திரும்ப ஊர்ந்து வரும்.

இப்போது நானே கார் ஓட்டுகிறேன். மழைக்காலத்தில் கண்ணாடியில் ஆவி பிடிக்காமலிருக்க என்ன செய்யவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசிக்கு முன்னாலேயே உள்கண்ணாடியின் பிசுக்கை ஈரப் பேப்பரால் துடைத்துவிட வேண்டும். அழுக்குக் கண்ணாடியில்தான் ஆவி சீக்கிரம் ஒட்டும். குளியல் சோப்பை லேசாகத் தடவி, காய்ந்த துணியால் சோப்பே கண்ணுக்குத் தெரியாதபடி தேய்த்தால் சில நாளைக்குத் தாங்கும். ஈரக் குடை, நனைந்த மிதியடி எதையும் வண்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது. அப்படியும் படிந்தால் ஏசியைப் போட்டுக் காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். ஏசி இல்லையென்றால், காற்றடிக்காத பக்கத்து ஜன்னலை இறக்கினால் போதும், பெரிய சாரல் உள்ளே வராது. கையால் மட்டும் தொடவே கூடாது. வெயில் காலத்தில் ஏசி வண்டிக்கு வெளிப்பக்கம் ஆவி பிடிக்கும், அதற்கு வைப்பரை ஒரு தடவை தட்டினால் சரி. இவ்வளவுதான் விஷயம். இது ஒன்றுமே அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. டிரைவருக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கலாம். ஆனால் அம்மாவின் சத்தத்துக்கு மேல் பேச அவருக்கு வாய் வரவில்லை.

திருவொற்றியூரைத் தாண்டியதும் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள். சாலை முழுக்கப் பள்ளம், பள்ளம் முழுக்கத் தண்ணீர். கடல் பக்கம் பாறைகளில் மோதிய அலை மேலே எழும்பி ரோட்டில் விழுந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

அம்மா ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். அவன் பிறந்தது, நடந்தது, முதல் சம்பளத்தில் அவளுக்குச் செருப்பு வாங்கித் தந்தது, எல்லாவற்றையும் சொல்லி உரக்க அழுதாள். கூட வந்தவர்களும் விம்ம ஆரம்பித்தார்கள். கண்ணாடி நான் துடைப்பதற்குள் மூடிக்கொண்டது. சட்டை ஈரமாகிவிட்டதால் இப்போது துடைத்தாலும் நீர்த்தடம் நின்றது.

டிரைவர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "தப்பா நெனைக்காத தங்கச்சி. அம்மாவ செத்த நேரம் அழாம வரச் சொல்லு. அழ அழ ஆவி ஏறுது. எனக்கு முன்னால ஒண்ணியும் தெரியல."

பெத்த பிள்ளையைக் கண்ணெதிரே கிடத்தியிருப்பவளிடம் இதை எப்படிச் சொல்வது? ஆனால் சாலையும் எனக்குத் தெரியவில்லை. திரும்பிச் சொன்னேன்.

"யம்மா, கொஞ்சம் சத்தம் போடாம வாம்மா. வூட்டுக்குப் போயி அழலாம்."

அம்மா சட்டென்று நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். யாரோ வேற்று மனுஷியைப் பார்ப்பதுபோல.

"நீ இன்னாடி மனுஷி?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனோம். நான் துடைத்த இடத்தில் திடீரென்று ஒரு பெரிய கறுப்பு எழுந்தது. பின்விளக்கு இல்லாமல் நடுரோட்டில் பழுதாகி நின்ற டிரெய்லர். "ண்ணா!" என்று கத்தினேன். அவர் பிரேக்கை மிதித்து வண்டியை இடதுபக்கம் வெட்டினார். டிரெய்லரின் இரும்பு விளிம்பு என் கண்ணுக்கு நேராக வந்து விலகிப் போனது. வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி, ஆடி, நின்றது. பின்னால் ஸ்ட்ரெச்சர் சறுக்கி என் சீட்டின் முதுகில் வந்து இடித்தது. அண்ணனின் தலை அந்த இடிப்பில் திரும்பியதை நான் பார்க்கவில்லை, பிறகு சொன்னார்கள். அண்ணி அவன் மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள்.

டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"யம்மா, சத்தியமா சொல்றேன். இனிமே ஜன்னல தெறக்காம நான் ஒரு அடி நவுத்த மாட்டேன். எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளிங்க கீதுங்க."

அண்ணிதான் எழுந்தாள். காலடியில் கிடந்த குடையை எடுத்து, அந்தச் சின்ன வண்டிக்குள், விரித்தாள். கடல் பக்கத்திலிருந்து வரும் சாரல் படாதபடி அண்ணனின் முகத்துக்கும் நெஞ்சுக்கும் மேலாகச் சாய்த்துப் பிடித்தாள்.

"தெறங்க. நான் பாத்துக்குறேன்" என்றாள். அன்று முழுக்க அவள் உரக்கப் பேசியது அது ஒன்றுதான்.

கூட வந்த இரண்டு பேரும் இறங்கி முழங்காலளவு தண்ணீரில் வண்டியைத் தள்ளினார்கள். என் பக்கத்து ஜன்னலைப் பாதிவரை இறக்கினேன். டிரைவர் தன் பக்கத்தில் ஒரு விரல் அளவுக்கு. வண்டி நகர்ந்து காற்று உள்ளே நுழைந்ததும் கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து தெளிய ஆரம்பித்தது. மெல்ல மெல்ல மேலே ஏறி, முழுச் சாலையும் தெரிந்தது. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள்கூடத் தெரிந்தன. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அதற்கப்புறம் வேலை இருக்கவில்லை.

அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டிலும் தண்ணீர் நின்றதாக மாமா சொன்னார்.

காரியம் முடிவதற்குள் தெரு முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. கூடப்பிறந்தவன் பொணத்தை வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டு வந்தவள். பெத்தவளையே அழாதே என்றவள். டிரெய்லரைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா எனக்குச் சோறு போட்டாள், காபி கொடுத்தாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். ஆனால் தானாக ஒரு வார்த்தை என்னிடம் பேச அவளுக்கு மறு வருஷம் பொங்கல் ஆயிற்று. அன்றைக்கு வேறு வழியிருந்ததா என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. மறுபடி அதே இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

அண்ணி சில மாதம் எங்களோடு இருந்தாள். பிறகு வண்ணாரப்பேட்டையில் ஒரு துணி கம்பெனியில் பீஸ் வெட்டும் வேலை கிடைத்தது. எண்ணூரிலிருந்து போய்வர முடியவில்லை என்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வியாசர்பாடியில் அவள் அம்மா வீட்டுக்குப் போக முடிவு செய்தாள். கிளம்புகிற காலையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவளுக்கு நான் உதவி செய்தேன். என் கண் அந்தச் சட்டையைத் தேடியது. அவளே சொன்னாள்.

"எத்தினியோ வாட்டி தொவச்சுப் பாத்தேன். அந்த எண்ணெ போவல. கரித்துணியா போட மனசு வரல, கூடையிலயே வெச்சிருக்கேன். அவரோட அதையும் அனுப்பியிருக்கணும், அன்னிக்குத் தோணல." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ அன்னிக்குக் கத்தலன்னா இந்தப் புள்ள இன்னிக்கு ரெண்டு பேரும் இல்லாம நின்னிருக்கும். எனக்குத் தெரியும். ஆனா உங்கம்மாகிட்ட அத நான் சொல்லமாட்டேன். அவங்களுக்கு யார் மேலயாச்சும் கோவப்படணும்" என்றாள்.

ஆட்டோ வந்து நின்றது. அம்மா பேரனை முத்தமிட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கூடையை ஏற்றிவிட்டு, ஆட்டோ ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை தெருவில் நின்றேன். வீட்டுக்குள் வந்தபோது அம்மா அடுப்படியில் இரண்டு பேருக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.