செம்புக் குண்டும் பங்கர் கதவும்

ஊஸ்டரில் எங்கள் குடியிருப்பில், போர் வந்தால் ஒளிவதற்கென்று கட்டிய நிலவறைப் பங்கருக்குள் இருந்துதான், அங்கேயே குடியிருந்த எங்கள் ஊர் அண்ணை ஒருவர் மான் வேட்டைக்குத் தோட்டா நிரப்புவார். மூக்கு நுனியில் கண்ணாடி. காற்றுப் பட்டால் வெடிமருந்து நிறுக்கும் தராசு ஆடுமென்று, முதலில் தடித்த கொங்கிறீட் கதவை இழுத்து மூடிவிடுவார். ஒருநாள் பார்க்கப் போய் நானும் உள்ளே அகப்பட்டேன். ஷெல்லடிக்குப் பயந்து ஊரில் பங்கருக்குள் கிடந்தவன் நான், மூச்சு முட்டியது.

“ஏன் அண்ணை ஈயக்குண்டை விட்டிட்டுச் செம்புக்கு மாறினனீங்கள்?” என்று பயத்தை மறைக்கக் கேட்டேன்.

“ஈயம் உடம்புக்குள்ள சிதறும். செம்பு சிதறாது, இறைச்சியில துண்டு கிடவாது.”

“என்ர தோளுக்குள்ள ஒரு ஷெல் துண்டு கிடக்குது, அண்ணை.”

“எனக்கு மூண்டு,” என்றார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு எழுந்து கதவைத் திறந்து என்னை வெளியே விட்டார். படியேறும்போது, அவர் கதவைத் திரும்பவும் உள்ளிருந்து இழுத்து மூடும் சத்தம் கேட்டது. மூடிய பங்கருக்குள் தனியே இருக்க அவரால் எப்படி முடிகிறதென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.