பதம் பார்க்கும் புண்ணாக்கு

அண்ணனின் வலது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை. அருப்புக்கோட்டையில் மரச்செக்கு வைத்து எண்ணெய் விற்கிற குடும்பம் நாங்கள். அண்ணன் செக்கைப் பார்ப்பார், நான் கடையைப் பார்ப்பேன். பத்து வருஷமாகச் சர்க்கரை உள்ள மனுஷனின் புண்ணுக்கு எங்கள் கடை வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவ்வளவுதான் எங்கள் அறிவு.

கடைசியில் போய்ப் பார்த்த டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஆய்வகத்தில் சுழற்றி எடுத்த குழாயில், மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் பால் மாதிரி வெள்ளையாக நின்றது. எண்ணெய் தெளிவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மறுபடியும் பார்த்தேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் கொழுப்பு அமிலம் கூடினால் இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காது, சர்க்கரை ஏறும். சர்க்கரை அடங்காவிட்டால் கொழுப்பும் இறங்காது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது புண் எப்படி ஆறும் என்றார். பிறகு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் எதையும் ஒளிக்கவில்லை. "காலையில கேப்பக்கூழு, மத்தியானம் ஒரு கை சோறு, ராத்திரி ரெண்டு சப்பாத்தி. காப்பியில சீனிய நிப்பாட்டி ஆறு வருசமாச்சு. கல்யாணப் பந்தியில பாயாசத்தக்கூடத் தொடுறதில்லம்மா."

பக்கத்தில் இருந்த நானும் பலமாகத் தலையாட்டினேன். டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டி, ஊசியையும் சேர்த்து எழுதினார்.

விரல் கறுத்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பன்னிரண்டு நாளில் சர்க்கரை நன்றாக இறங்கியது. விரலை மட்டும் எடுத்துவிட்டு, இனி சர்க்கரை ஏறினால் காலே போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். மதினி அதன் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் அவரைப் பார்த்துக்கொண்டார். ஆனால் அண்ணன் செக்குக்குத் திரும்பிய மூன்றாவது வாரமே சர்க்கரை பழையபடி ஏறிவிட்டது. விரலை எடுத்த இடமும் நீர் கோத்து வீங்கியது.

இந்த முறை டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "காலையில எந்திரிச்சதுலருந்து இவர் என்னென்ன செய்வார்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். கடையைத் திறப்பார், சாமி கும்பிடுவார், செக்கில் எள்ளைக் கொட்டுவார். பாதி ஆட்டத்தில் கருப்பட்டியைத் தட்டிப் போடுவார், அது சேர்ந்தால்தான் எண்ணெய் பிரியும். அப்புறம் சூடான புண்ணாக்கை அள்ளி வாயில் போட்டு மென்று பார்ப்பார். பல்லில் எண்ணெய் கசிந்தால் இன்னும் ஆட்ட வேண்டும். எங்கள் அப்பாவும் அப்படித்தான் பதம் பார்த்தார்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "எவ்வளவு மெல்லுவார்?"

உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அஞ்சாறு தடவை ஆட்டுவோம்."

"மென்னுட்டுத் துப்பிருவாரா?"

அண்ணன் முந்திக்கொண்டார். "எள்ளும்மா அது. யாராச்சும் துப்புவாகளா?"

எள்ளும் கருப்பட்டியும் சேர்ந்த அந்தப் புண்ணாக்கை நாங்கள் மாட்டுக்கு விற்கிறோம். அதை வாயில் போட்டுப் பார்ப்பது எங்களுக்குத் தொழில். மில்லுக்காரன் நூலை விரலில் உருட்டிப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. கருப்பட்டியும் இனிப்புதான் என்பது தெரியாத மடையர்கள் இல்லை நாங்கள். ஆனாலும் அந்த நிமிஷம் வரை அது என் புத்தியில் ஏறவே இல்லை. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அன்றோடு அண்ணன் அதை நிறுத்தினார். ஆனால் புண் பரவுவது நிற்கவில்லை. பத்து நாளில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மதினி காப்பி வாங்கப் போயிருந்த நேரத்தில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, மொதத் தடவையே டாக்டரம்மாட்ட இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"அது சாப்பாடுன்னே எனக்குத் தோணலண்ணே."

கால் இல்லாமல் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கையால் நீவிவிட்டார்.

"எனக்குந்தாண்டா," என்றார்.