இலையுதிர் காலத்தில் ஒரு சித்திரைக்கனி

தாலி அறுத்தவள் வீட்டில் இத்தனை பூ எதற்கு என்று கேட்டார்களாம். என் முகத்துக்கு நேராக யாரும் கேட்கவில்லை. மெல்பர்ன் பக்கத்துக் கிளேட்டனிலும் அதைச் சுற்றியும் அப்போது இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டுவிடலாம். அத்தனை வீட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஊரே இல்லாத இடத்திலும் நமக்கு ஓர் ஊர் வாய் எப்படியோ வந்து வாய்த்துவிடுகிறது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய மெல்பர்ன் வந்தவர். நானும் கைக்குழந்தையும் அவர் பின்னாலேயே வந்தோம். சில வருஷங்கள் கழித்து, ஒரு குளிர்காலக் காலையில், பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கோயமுத்தூரிலிருந்து அப்பா கிளம்பி வந்துவிடச் சொன்னார். போனால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? அண்ணன் வீட்டில் அடுப்படியை ஒட்டிய அறை, அண்ணியின் பெருமூச்சு, கல்யாணம் காட்சி என்றால் யார் கண்ணிலும் படாமல் உட்காரப் பின்பக்கத்தில் ஓர் இடம். வரமாட்டேன் என்றேன். அப்பா கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்தில் ஒரு பூச்செடி நர்சரியில் வேலை கிடைத்தது. அங்கே ஏப்ரல், மேயில்தான் இலையுதிர் காலம்; அது வந்தால் நர்சரி முழுக்கச் செவ்வந்திதான். ஒரு தண்டில் நாலைந்து மொட்டு வரும். நடுமொட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நகத்தால் கிள்ளி எறியவேண்டும். அப்போதுதான் மிச்சமிருக்கும் ஒரு பூ சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரியும். அந்த ஊரில் மே மாதம் அன்னையர் தினம். அன்றைக்குப் பிள்ளைகள் அம்மாவுக்குச் செவ்வந்திதான் வாங்கிக் கொடுப்பார்கள். அதற்காக வளர்ப்பது. ஏப்ரலிலேயே அவசரப்பட்டு மலர்ந்ததும் தண்டு ஒடிந்ததும் விற்பனைக்கு ஆகாது. வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று முதலாளி சொன்னார். வாளி வாளியாக எடுத்துக்கொண்டு வந்தேன். வாடிப்போன தொட்டிச் செடிகளையும் கொடுத்தார். அதையும் விடவில்லை.

என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீடு பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. காலையில் எழுந்து எதற்காவது தண்ணீர் ஊற்றவேண்டும் என்று இருந்தால்தான் எழுந்திருக்க முடியும் என்ற நிலையில் நான் இருந்தேன். அதுதான் உண்மை. முதலில் ஜன்னலோரம் ஒரு ரப்பர் செடி வந்தது. குளியலறையின் ஈரத்துக்குக் காத்திருந்ததுபோல் ஒரு ஃபெர்ன் தழைத்தது. கூடத்தில் கயிறு பின்னிக் கொக்கியில் மாட்டி அதில் தொட்டிகளைத் தொங்கவிட்டேன். வெள்ளைக்காரப் பெண்கள் அந்தக் கயிற்றுப் பின்னலைப் புது ஃபேஷன் என்று வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டிருந்தார்கள். நமக்கு அது உறி. பால் சட்டிக்குப் பதில் ஐவிக் கொடி, அவ்வளவுதான். செவ்வந்தி வந்தபின் வீட்டில் இருந்த சொம்பு, ஜாடி, தம்ளர் எல்லாவற்றிலும் மஞ்சளும் வெள்ளையும் அரக்குச் சிவப்பும் ஏறின. பள்ளிக்கூட வழியில் உதிர்ந்து கிடக்கும் சிவப்பு இலைகளைப் பொறுக்கிவந்து என் மகள் நூலில் கோத்தாள். வாசல் நிலையில் அதைத் தோரணமாகக் கட்டினேன். மாவிலைக்கு நான் எங்கே போக?

என் தலையில் மட்டும் பூ வைக்கவில்லை. வைக்காதே என்று யாரும் கையைப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் வைக்கவில்லை.

அக்கா என்று நான் கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். ஈரோட்டுக்காரர். அவர் கணவரும் பல்கலைக்கழகத்தில்தான். நல்லவர், இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் சாவு விழுந்தபோது நாங்கள் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். சித்திரை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது வந்தார். வாசல் தோரணத்தைப் பார்த்துச் சருகை யாராவது நிலையில் கட்டுவார்களா என்று சிரித்தார். காபி குடித்தார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். இந்த வருஷம் குழந்தை அவர்கள் வீட்டில் கனி காணட்டும், முந்தின நாள் சாயங்காலமே அனுப்பிவிடு என்றார்.

எங்கள் பக்கம் சித்திரை முதல் நாளைச் சித்திரைக்கனி என்றே சொல்லுவோம். முந்தின ராத்திரி ஒரு பெரிய கண்ணாடி முன்னால் பழம், பூ, தங்கம் எல்லாம் பரப்பி வைப்பது. காலையில் பிள்ளைகளை எழுப்பி, கண்ணைப் பொத்தி நடத்திக்கொண்டு வந்து அதன் முன்னால் நிறுத்திக் கையை எடுப்பது. வருஷத்தில் முதல் காட்சி அதுவாக இருக்கவேண்டும். கனியைச் சுமங்கலி வைக்கவேண்டும் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நானும் அன்றைக்குக் காலையிலேயே வந்துவிடட்டுமா என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"நீ மத்தியானம் சாப்பாட்டுக்கு வா அம்மிணி. வருஷம் பொறக்கறதும் அதுவுமா, கொழந்தை கண்ணு முழிச்சதும்…" என்று இழுத்தார். முடிக்கவில்லை. "நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று மட்டும் சேர்த்தார்.

அவர் முடிக்காததை நான் மனசுக்குள் முடித்துக்கொண்டேன். உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தால் ஏடாகூடமாக ஏதாவது வரும் என்று சும்மா இருந்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரி சாப்பிடும்போது அவள் கேட்டாள். ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் ரெண்டும்.

"நான் முதல்ல உன் மூஞ்சியப் பாக்கக் கூடாதாமே. ஆன்ட்டி சொன்னாங்க. வொய்மா?"

அப்பா செத்துப்போனதால் அம்மாவின் மூஞ்சி கெட்டுப்போய்விட்டது என்றா சொல்வது? சாப்பிடு என்றேன். அவள் தட்டை நகர்த்திவிட்டு என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். இன்றைக்கு இதை இப்படியே விட்டால் நாளைக்கு இவளே என்னைக் கண்டு ஒதுங்கி நடப்பாள் என்று அப்போது புரிந்தது. பூ போனது போகட்டும். பிள்ளையையுமா விட்டுக்கொடுப்பது?

மறுநாள் ஒரு கூத்து நடந்தது. பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலிக்கார அம்மாள், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். அவளும் புருஷனை இழந்தவள்தான். எப்போதும் கறுப்பு உடுப்பு. அவள் தோட்டத்து மாதுளையைக் கனிக்குக் கேட்கலாம், வெறுங்கையோடு போகவேண்டாமே என்று நல்ல வெள்ளைச் செவ்வந்தியாகப் பார்த்து ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் பூவைப் பார்த்ததும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பாதிக் கதவைச் சாத்தியும் விட்டாள். அவர்கள் ஊரில் செவ்வந்தி கல்லறைக்கு மட்டும்தானாம். ஒரு மனுஷியின் கையில் அதைக் கொடுத்தால் செத்துப்போ என்று சொல்கிற மாதிரியாம். நான் சாமிக்குப் போடுகிற பூ என்று நினைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்!

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவளே கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் கனியைப் பற்றியும் அக்கா சொன்னதையும் சொன்னேன். அவள் கறுப்பைத் தொட்டுக் காட்டி, இது நானாகப் போட்டுக்கொண்டது, எனக்குப் பிடிக்கிற வரைக்கும் போடுவேன் என்றாள். தன் பிள்ளை தன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எவளாவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்பதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. மூலையிலிருந்து துடைப்பத்தை எடுத்துக் காட்டினாள். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மடி நிறைய மாதுளையும் திராட்சையும் கட்டிக் கொடுத்தாள். செவ்வந்தியை மட்டும் திருப்பித் தந்துவிட்டாள்.

அந்தப் பூக்கட்டோடு வேலியோரம் நடந்து வரும்போது யோசித்தேன். இந்தப் பூவுக்கு என்ன தெரியும்? எங்கள் ஊரில் சாமிக்கு, இவள் ஊரில் பிணத்துக்கு, என் முதலாளி ஊரில் அம்மாமார்களுக்கு. ஆளாளுக்கு ஒன்றை அதன் தலையில் கட்டியிருக்கிறார்கள். என் தலையிலும் அப்படித்தான் கட்டினார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். பெண்ணை அனுப்பப் போவதில்லை, கனி என் வீட்டில்தான், வைக்கப் போவதும் நான்தான் என்றேன். நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று மறுபடி ஆரம்பித்தார். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும், அதில் குறையே இல்லை என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அவ தினமும் என் மூஞ்சியிலதானுங்கக்கா முழிக்கறா. நல்லாத்தானே இருக்கா?"

அவர் போனை வைத்துவிட்டார். இனிமேல் எந்த வீட்டு விசேஷத்துக்கும் எனக்கு அழைப்பு வராது என்று தெரிந்தது. வராமல் போகட்டும். முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு?

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலமே வேலையை ஆரம்பித்தேன். படுக்கையறையில் இருந்த பெரிய கண்ணாடியைக் கூடத்துக்கு நகர்த்திச் சுவரில் சாய்த்தேன். ரெண்டு பக்கமும் ரப்பர் செடியும் ஃபெர்னும். உறிகளைத் தாழ்த்திக் கட்டி ஐவியைக் கண்ணாடியின் தலைக்கு மேல் படரவிட்டேன். மாம்பழம் கிடையாது, பலா கிடையாது, கொன்றைக்கு வழியே இல்லை. அந்த ஊர்ச் சித்திரை என்ன கொடுக்குமோ அதுதான். பித்தளைத் தாம்பாளத்தில் மாதுளை, திராட்சை, ஆப்பிள், பேரிக்காய். நான் கழற்றிவைத்த தங்க வளையல்கள். கீழே தரை தெரியாமல் செவ்வந்தி, அந்த வெள்ளைக் கட்டையும் சேர்த்துத்தான். இடுக்குகளில் மகள் பொறுக்கிவந்த சிவப்பு இலைகள். எழுந்து நின்று பார்த்தேன். எங்கள் ஊரில் எந்தச் சுமங்கலியும் இவ்வளவு அழகாகக் கனி வைத்து நான் பார்த்ததில்லை. பெருமைதான், அதில் எனக்கென்ன வெட்கம்?

மகளிடம் திட்டத்தைச் சொல்லிவைத்தேன். கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு வருவேன். கண்ணாடி முன்னால் நிறுத்துவேன். வழக்கமாகக் கையை எடுத்ததும் பெரியவர்கள் பக்கத்தில் ஒதுங்கிக்கொள்வார்கள். நான் ஒதுங்க மாட்டேன். உன் பின்னாலேயே நிற்பேன், நீயும் நானும் பூவும் ஒன்றாகத் தெரிவோம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அவள் கேள்வி கேட்காமல் இருந்தாலே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விடியும் முன்னே எழுந்து குளித்தேன். நல்ல குளிர். ஒரு மஞ்சள் செவ்வந்தியைக் கிள்ளிக் கொண்டையில் செருகினேன். எல்லாரிடமும் வாய் கிழியப் பேசிவிட்டு, அவள் அறைக் கதவுக்கு வெளியே நிற்கும்போது எனக்கே பயம் வந்தது. ஒருவேளை அவர்கள் சொல்வதில் ஏதாவது இருந்துவிட்டால்? இந்த வருஷம் அவளுக்கு ஒரு காய்ச்சல், ஒரு எலும்பு முறிவு என்றால் நான் என்னையே அல்லவா கரித்துக்கொட்டுவேன்? கையை எடுத்ததும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டால்தான் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூடத் தோன்றியது. தோன்றியதற்காக என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனாலும் தோன்றியது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். நான் மண்டியிட்டுக் குனிந்து, கண்ணைத் திறக்காதே கண்ணு என்று சொல்லிக்கொண்டே கையைக் கொண்டுபோனேன்.

கை போய்ச் சேருமுன் படக்கென்று இரண்டு கண்ணையும் திறந்தாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாத்துட்டேன்" என்றாள்.

எவ்வளவு நேரமாக விழித்துக்கொண்டு, எனக்காகக் கண்ணை மூடிக் காத்துக்கொண்டு கிடந்தாளோ! கனியைப் பார்க்கவேண்டாமா என்று கேட்டேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போர்வையை உதறி எழுந்தாள். கூடத்தில் அத்தனை பூவையும் பழத்தையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே டெலிபோனிடம் போனாள்.

"ஆன்ட்டிகிட்ட நானே சொல்றேன். முதல்ல உன்னத்தான் பாத்தேன்னு."

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நம்பர் கேட்டாள். எனக்குக் கண் மறைத்தது. பக்கத்தில் போய் நின்று நானே டயலைச் சுழற்றிக் கொடுத்தேன்.